நான்கு விநாடி

ஊரில் எட்டரை என்றால் இங்கே ஏழு.
ஆறு ஐம்பதுக்குள் ஐந்தாம் மாடி ஏறிவிட வேண்டும்,
லிஃப்ட் மனது வைத்தால்.
பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில்
நாள் முழுக்கச் சிரித்த முகத்தைக்
கழற்றாமலே வந்து உட்காருகிறேன்
இரண்டு மகள்களுக்கு நடுவில்.

தொடரில் ஒருத்தி இருக்கிறாள், சுகந்தி.
அவளுக்கும் இரண்டும் பெண்கள்.
புருஷன் ஃபோட்டோவில்கூட இல்லை.
ஆனால் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருக்கிறது.
கோபம் வந்தால் மகள்கள் தடதடவென்று ஏறிப்போய்
கதவை அறைந்து சாத்துகிறார்கள்.

"அறையறதுக்கு ஒரு கதவு இருக்கு பாரு"
என்கிறாள் ஹெப்சி.
எங்களுக்கு இருப்பது ஓர் அறை, நடுவில் திரைச்சீலை.
அதை எவ்வளவு கோபமாக இழுத்தாலும்
வளையங்கள் கொலுசு மாதிரி சிணுங்கும்.
அழ வேண்டுமென்றால் குளியலறை.
அதுவும் பொது. வெளியே
யாராவது துண்டோடு நிற்பார்கள்.

சுகந்தி எப்போது வேலைக்குப் போகிறாள்?
முந்நூறு எபிசோடாக ஜெமி தேடுகிறாள்.
அவள் அதிரசம் தட்டுகிறாள், சீலை மாற்றுகிறாள்,
தப்பான ஆளுக்கு ஃபோன் போட்டுத் திட்டுகிறாள்.
"அப்ப வாடகை யாரும்மா கட்டுறா?"
"டைரக்டர்" என்றேன்.
அன்றைக்கு அந்த அறையில்
நன்றாக ஓடிய நகைச்சுவை அதுதான்.

பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம்
பூங்கொடி அக்கா குடும்பம். அவர்களுடையது டிஷ்.
எங்களுடையது தவணையில் வாங்கிய பெட்டி,
நெட்டில் நான்கு விநாடி பிந்தி வருவது.
அதனால் ஷார்ஜாவின் இந்த மூலையில்
சிரிப்பு முதலில் பலகையில் கேட்கும்,
அப்புறம்தான் ஜோக் வரும்.
அவர்கள் சிரித்ததுமே ஜெமி
வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொள்வாள்.
பலமுறை, வந்த ஜோக் அதற்குக் காணாது.

வருஷத்துக்கொரு தரம் டைப்பிங் சென்டர்,
பிள்ளைகளின் விசாவுக்கு.
அந்தப் பையன் நல்லவன்,
கணினியைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்பான்.
ஸ்பான்சர்?
நான்.
ஃபாதர்?
ஜெமி மேசையிலிருக்கும் மிட்டாய்க் கிண்ணத்துக்குள்
கைவிட்டு நெடுநேரம் துழாவுவாள்.
சம்மதக் கடிதம் தோஹாவிலிருந்து
ஹெப்சியின் கைப்பேசிக்கு வந்திருக்கும்,
சுகமா என்று ஒரு வார்த்தையில்லாத பிடிஎஃப்.
சுகந்திக்கு இந்தக் காட்சியை யாரும் எழுதவில்லை.
எழுதியிருந்தால் வயலின் வைத்திருப்பார்கள்.
அங்கே ஏசி மட்டும்
தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும்.

நேற்று,
சுகந்தியின் மூத்தவள் டிராலிப் பெட்டியோடு
படியிறங்கி வந்தாள்.
சுகந்தி கரண்டியும் கையுமாக நின்றாள்.
சிரிக்க வேண்டிய இடம் மாதிரித்தான் இருந்தது.
பலகை சிரிக்கவில்லை.
பூங்கொடி அக்கா "அடப்பாவி மவளே" என்றது
தெளிவாகக் கேட்டது.
நான்கு விநாடி இருக்கிறது என்று
ரிமோட்டைத் தேடினேன்.
ஹெப்சியின் தொடைக்கடியில் இருந்தது.
எடுத்துத் தரவில்லை அவள்.

"நான் அப்பாகிட்டயே போறேன்"
என்றது திரை.

அப்புறம் விளம்பரம், பட்டுப்புடவை, தள்ளுபடி.
அதைப் பார்த்தபடியே ஹெப்சி சொன்னாள்:
"இந்தத் தடவை பிடிஎஃப்புக்குக் கீழ
ஒரு வரி எழுதியிருந்தாரும்மா.
இங்க வந்து காலேஜ் சேர்றியான்னு."
"நீ என்ன போட்ட?"
"இன்னும் ஒண்ணும் போடல."

சாப்பிடாத தோசை கையில் ஆறுகிறது.
எத்தனையோ கேட்கலாம்.
நான் கேட்டது,
"அங்க உனக்குக் கதவு உண்டாமா?"

பலகைக்கு அந்தப்பக்கம்
பூங்கொடி அக்கா சிரித்துவிட்டாள்,
அவசரமாக இருமலாக மாற்றினாள்.
ஜெமி திரும்பி என்னைப் பார்த்தாள்,
அக்காவைப் பார்த்தாள்,
வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டாள்.

ஹெப்சி இன்னும் சிரிக்கவில்லை.
இந்த வீட்டுக்கு எதுவும் பிந்தித்தான் வரும்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.